வீட்டுப் பக்கம் வந்த புள்ளிமான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டோரத்தில் வீடும் தோட்டமும் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் புள்ளிமானைப் பற்றியவை. பெரம்பலூர், அரியலூர், திருவண்ணாமலை, தருமபுரி, சிவகங்கை பக்கத்துக் காப்புக்காடுகளையும் அவற்றை ஒட்டிய மானாவாரி நிலங்களையும் மனதில் வைத்து எழுதியது. மான் இப்போது கிணற்றுக்குள் கிடக்கிறது என்றால் நேராக இரண்டாவது கேள்விக்குப் போய்விடுங்கள்.

மான் ஏன் ஊருக்குள் வருகிறது? தண்ணீர் தேடித்தானே?

செய்தித்தாளில் எப்போதும் அப்படித்தான் போடுகிறார்கள்: "தண்ணீர் தேடி ஊருக்குள் வந்த மான்." பாதி உண்மை. கோடையில் புள்ளிமான் தினமும் தண்ணீர் குடித்தாக வேண்டும். பங்குனி, சித்திரையில் காட்டுக்குள் ஓடையும் குட்டையும் வற்றிவிட்டால் தோட்டத்துத் தொட்டிதான் கதி. ஆனால் ஐப்பசியில், மழை பெய்து ஏரி நிரம்பிக் கிடக்கும்போதும் மான் வருகிறதே, அதற்கு என்ன சொல்வது?

காட்டை விட வயல் ருசியாக இருக்கிறது, அவ்வளவுதான். கடலைக் கொடி, தட்டைப்பயறு, இளம் மக்காச்சோளம் எல்லாம் மானுக்கு விருந்து. பெரம்பலூர் பக்கம் காப்புக்காடுகள் துண்டு துண்டாகக் கிடக்கின்றன; ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும்தான். மான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் உங்கள் வரப்பில்தான் நடக்க வேண்டும். இரவில் மேய்ந்துவிட்டு விடிவதற்குள் திரும்பிவிடும். திரும்ப முடியாமல் வெளிச்சத்தில் மாட்டிக்கொள்ளும் மான்தான் நம் கண்ணில் படுகிறது.

மான் கிணற்றில் விழுந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

வனத்துறைக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் போன் போடுங்கள். வனவர் நம்பர் கையில் இல்லை என்றால் 112-க்கு அழைத்து ஊர், கிணறு இருக்கும் இடம், தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று சொன்னால் போதும், தகவல் போய்ச் சேரும். பிறகு மோட்டாரை நிறுத்தி மெயினை அணையுங்கள். பழைய ஒயர் கிணற்றுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தால் மானுக்கும் ஆபத்து, இறங்கும் ஆளுக்கும் ஆபத்து.

மூன்றாவதுதான் கடினமான வேலை: கூட்டத்தை விலக்குவது. மான் விழுந்தது தெரிந்தால் ஊரே கிணற்று மேட்டில் நிற்கும். ஒருவர் குனிந்து செல்போனை நீட்டுவார், ஒரு பையன் சிறு கல்லைப் போட்டுப் பார்ப்பான், யாரோ கைதட்டுவார்கள். உள்ளே இருக்கும் மானுக்கு மேலே தெரிவதெல்லாம் வட்டமாக நிற்கும் தலைகள். அது சுவரில் முட்டும், பாயும், மறுபடி விழும். அதன் காலும் கொம்பும் உடைவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான், முதலில் விழுந்தபோது அல்ல. இரண்டு பேர் மட்டும் சற்றுத் தள்ளி நின்று கவனித்தால் போதும். மற்றவர்களைத் திட்டியாவது அனுப்பிவிடுங்கள்.

தண்ணீர் நிறைய இருந்தால் ஒரு காரியம் செய்யலாம். புள்ளிமான் நன்றாக நீந்தும், ஆனால் செங்குத்துச் சுவருக்குள் சுற்றிச் சுற்றி நீந்தினால் களைத்துப் போகும். கயிற்றுக் கட்டிலின் நான்கு காலிலும் கயிறு கட்டி, தண்ணீருக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி மெதுவாக இறக்கி வையுங்கள். மான் அதன் மேல் முன்னங்காலைப் போட்டு இளைப்பாறும். சில நேரம் ஏறியே நின்றுவிடும். அப்படி நின்றுவிட்டது என்பதற்காக உடனே கட்டிலைத் தூக்காதீர்கள். பாதி உயரத்தில் மிரண்டு குதிக்கும். ஆட்கள் வரும்வரை அதைத் தாங்கிப் பிடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் கிணறு இறங்கத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். நாங்களே தூக்கக் கூடாதா?

வேண்டாம். பாழ்கிணற்றில் காற்று கெட்டிருக்கும். இறங்கியவர் மயங்க, அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் மயங்க, ஒரே கிணற்றில் இரண்டு மூன்று பேர் இறந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். வளர்ந்த ஆண் மான் 70 கிலோவுக்கு மேல் இருக்கும். அதன் குளம்பு கத்தி மாதிரி கிழிக்கும், கொம்பு வயிற்றில் பாயும். அது உங்களை நண்பனாக நினைப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

காயமே இல்லாமல் மீட்டோம், ஓடவும் செய்தது. ஆனால் மறுநாள் செத்துக் கிடந்தது. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

மான் பயத்தால் சாகும். பேச்சுக்குச் சொல்வதில்லை, உடலுக்குள் உண்மையிலேயே அப்படித்தான் நடக்கிறது. துரத்தும்போதும், பிடித்து அமுக்கும்போதும் மான் தன் சக்தி முழுவதையும் ஒரே மூச்சில் செலவழிக்கிறது. தசைகளில் அமிலம் ஏறுகிறது, உடல் சூடு கூடுகிறது, தசைநார்கள் சிதையத் தொடங்குகின்றன. சிதைந்த தசையிலிருந்து இரத்தத்தில் கலக்கும் புரதம் சிறுநீரகத்தைப் பழுதாக்குகிறது. அதோடு கலக்கும் பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குலைக்கிறது. சில மான்கள் பிடித்த இடத்திலேயே துவண்டுவிடும். சில எழுந்து காட்டுக்குள் ஓடிவிட்டு, சில மணி நேரம் கழித்தோ சில நாள் கழித்தோ விழும். பின்னங்கால் விறைத்து நடப்பது, கழுத்து தொங்குவது, சிறுநீர் கருஞ்சிவப்பாக வருவது எல்லாம் இதன் அறிகுறிகள். முற்றிவிட்டால் கால்நடை மருத்துவரால்கூடப் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை.

அதனால்தான் நாய் துரத்தி, ஆட்கள் துரத்தி, கடைசியில் வேலியில் மாட்டிய மானைக் காப்பாற்றுவது அவ்வளவு கடினம். வேலி கடைசியில் வந்தது. அதற்கு முன்பே ஓட்டம் தன் வேலையை முடித்திருக்கும். "மீட்டு வனத்தில் விடப்பட்டது" என்று செய்தி வந்த மான்களில் எத்தனை அடுத்த வாரம் உயிரோடு இருக்கின்றன என்று யாரும் எண்ணுவதில்லை.

அப்படியென்றால் பிடித்தே ஆக வேண்டிய நேரத்தில் எப்படிப் பிடிப்பது?

வனத்துறை ஆட்கள் வந்து, உங்களைக் கைகொடுக்கச் சொன்னால் மட்டும்.

முதலில் கண். ஒரு துண்டையோ சுத்தமான சாக்கையோ தலையில் போட்டுக் கண்ணை மறைத்தால் பாதித் திமிறல் அடங்கும். மூக்கு திறந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் சாய்த்துப் போட்டு அமுக்காதீர்கள். மான் ஆடு மாட்டைப் போல அசைபோடும் விலங்கு. ஒருக்களித்துக் கிடந்தால் வயிறு உப்பி மூச்சு முட்டும், இரைப்பையில் உள்ளது தொண்டைக்கு வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மாடு உட்கார்ந்திருப்பதைப் போல நெஞ்சில் படுக்க வைத்து, தலையைச் சற்று உயர்த்திப் பிடிக்க வேண்டும். நிழல் வேண்டும். பேச்சு வேண்டாம். நாம் அன்பாகத் தடவிக் கொடுப்பதும் மானுக்கு ஒரு மிருகம் தன்னைத் தின்னத் தொடங்கிவிட்டது என்றுதான் படும்.

வாயில் தண்ணீர் ஊற்றுகிறார்களே, அதை யார் ஆரம்பித்து வைத்தார்களோ தெரியாது. தயவுசெய்து ஊற்றாதீர்கள். புரையேறி அதனாலேயே செத்துப்போகும்.

நாய்கள் துரத்துகின்றன. என்ன செய்யலாம்?

காட்டோர ஊர்களில் மானுக்கு இன்று சிறுத்தையை விட நாய்தான் பெரிய எதிரி. கூட்டமாக வேட்டையாடும், பகல் இரவு பார்க்காது, பசிக்காமலும் துரத்தும். அவற்றில் பல தெருநாய் அல்ல, தோட்டத்துக் காவலுக்கு வளர்ப்பவைதான். இரவில் அவிழ்த்துவிட்டால் விடிவதற்குள் எங்கே போய் வருகின்றன என்று வளர்ப்பவருக்கே தெரியாது.

உங்கள் நாயை விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் கட்டி வையுங்கள். மான் அதிகம் நடமாடும் நேரம் அது. கோழிக் கழிவையும் இறைச்சிக் கழிவையும் காட்டு ஓரத்தில் கொட்டாதீர்கள், நாய்க் கூட்டம் அங்கேயே தங்கிவிடும். ஊராட்சியில் நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடச் சொல்லிக் கேளுங்கள். ஒருமுறை மனு கொடுத்தால் நடக்காது. கிராம சபையில் எழுந்து கேட்டுப் பதிவு செய்ய வைத்தால் நடப்பதற்கு வாய்ப்பு உண்டு.

நாய்க்குத் தப்பி மான் உங்கள் மாட்டுக் கொட்டகைக்குள் புகுந்துவிட்டால் நாயை விரட்டிக் கதவைச் சாத்துங்கள். சாக்கோ தார்ப்பாயோ தொங்கவிட்டு உள்ளே இருட்டாக்குங்கள். உள்ளே போய் எட்டிப் பார்க்க வேண்டாம். இருட்டில் அடங்கிக் கிடக்கும் மான், வனத்துறை வரும்வரை தாக்குப்பிடிக்கும்.

நாய் கடித்த மானைத் தூக்கினேன். எனக்கு ஏதாவது ஆகுமா?

கடித்த நாய்க்கு வெறிநோய் இருந்தால் அதன் எச்சில் மானின் காயத்தில் இருக்கும். உங்கள் கையில் கீறலோ வெட்டோ இருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். ஊசி தேவையா என்று அவர்கள் சொல்வார்கள்.

எந்த வேலி மானுக்கு ஆபத்து இல்லாதது?

முழுக்க ஆபத்தில்லாத வேலி கிடையாது. கண்ணுக்குத் தெரிகிற வேலி, தெரியாத வேலி என்று பிரித்துப் பார்ப்பதுதான் உபயோகம். மிரண்டு ஓடும் மான் கல்சுவரையும் கிளுவை வேலியையும் பார்த்துத் திரும்பும். நான்கு வரிசை முள்கம்பியை மாலை வெளிச்சத்தில் பார்க்கவே பார்க்காது. தாண்டும்போது பின்னங்கால் மேலிரண்டு கம்பிக்கும் நடுவில் நுழைந்து, உடல் அந்தப் பக்கம் விழ, கம்பி முறுக்கிக்கொள்ளும், தலைகீழாகத் தொங்கும். இப்படி மாட்டிய மானை இழுக்கக் கூடாது. அதன் கண்ணைத் துணியால் மூடி, உடலைத் தாங்கிப் பிடித்து, கம்பியைத்தான் வெட்ட வேண்டும். கம்பி புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

இருக்கிற வேலியைச் சரிசெய்ய எளிய வழி: மேல் கம்பியைத் தளர்வில்லாமல் இழுத்துக் கட்டி, முழத்துக்கு ஒன்றாக வெள்ளைச் சாக்குத் துண்டோ பழைய சேலைக் கிழிசலோ கட்டுவது. கடலைக் காட்டைச் சுற்றிச் சேலை கட்டும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் மானுக்கு நன்றாகத் தெரியும்.

மோசமானது நைலான் வலை. பன்றிக்கும் மயிலுக்கும் என்று பழைய மீன்வலையைக் கட்டுகிறார்கள். ஆண் மானின் கொம்பு அதில் சிக்கினால் உதறி உதறி இன்னும் சுற்றிக்கொள்ளும். அறுவடை முடிந்த அன்றே வலையைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். காலிக் காட்டில் கிடக்கும் வலைக்கு என்ன வேலை?

மின்வேலி போடலாமா?

சூரிய மின்வேலி வேறு, வீட்டுக் கரண்டைக் கம்பியில் கொடுப்பது வேறு. சூரிய மின்வேலிக் கருவி விநாடிக்கு ஒருமுறை போல, கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் ஒரு துடிப்பை மட்டும் அனுப்பும். வோல்ட் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அது சுரீர் என்று அடித்து விலக்கும், கொல்லாது. 230 வோல்ட் லைனை நேராகக் கொடுத்தால் தொட்டதைப் பிடித்துக்கொண்டு கொல்லும். மானை மட்டுமா? இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துக் காட்டுக்காரர் செத்திருக்கிறார், வைத்தவரே மறந்து தொட்டுச் செத்ததும் உண்டு. அது குற்றம், கைது நிச்சயம்.

காப்புக்காட்டை ஒட்டிய பகுதிகளில் சூரிய மின்வேலி போடவும் முன் அனுமதி வேண்டும். ஏற்கெனவே போட்டதைப் பதிவு செய்ய வேண்டும். இதற்குத் தமிழ்நாடு அரசு 2023-இல் தனி விதிகள் கொண்டுவந்தது. வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள்.

வேலி ஓரத்தில் பிரேக் ஒயர் சுருக்கு ஒன்று கட்டியிருக்கிறது. நான் வைக்கவில்லை.

கை வைக்காமல் போட்டோ எடுத்து வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். முயலுக்கும் பன்றிக்கும் வைத்த சுருக்கில் மானும் சிறுத்தையும் சிக்குகின்றன. உங்கள் நிலத்தில் ஏதாவது சிக்கினால் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்; அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுவது உங்களுக்கும் நல்லது. உருண்டையாக, நூல் சுற்றிய ஏதாவது கிடந்தால் கிட்டவே போகாதீர்கள். அது அவுட்டுக்காயாக, அதாவது விலங்கு கடித்தால் வெடிக்கும் நாட்டு வெடியாக இருக்கலாம்.

பண்ணைக்குட்டையில் விழுந்த மான் ஏன் ஏற முடிவதில்லை?

பாலித்தீன் விரிப்பு. மண் குட்டையென்றால் எப்படியும் ஏறிவிடும். விரிப்புப் போட்ட சரிவில் பாசி படிந்துவிட்டால் மான் மட்டுமல்ல, மனிதனும் ஏற முடியாது. நான்கு பக்கத்திலும் மேலே முளையடித்து, தேங்காய் நார் வலையோ, பழைய டயர்களைக் கயிற்றில் ஏணி போலக் கோத்தோ தண்ணீருக்குள் முழங்கால் ஆழம் வரை தொங்கவிடுங்கள். ஒரு மூலையில் மட்டும் போட்டால் போதாது. பயந்த மான் எந்த மூலைக்கு நீந்தும் என்று சொல்ல முடியாது. இது உங்கள் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு. சிமெண்டுத் தொட்டியாக இருந்தால் உள்ளே ஒரு பக்கம் கற்களைப் படியாக அடுக்கிவிடுங்கள்.

சோளக்காட்டில் ஒரு குட்டி தனியாகக் கிடக்கிறது. தாய் விட்டுவிட்டுப் போய்விட்டதா?

அநேகமாக இல்லை. பிறந்த முதல் நாட்களில் புள்ளிமான் தன் குட்டியைப் புதரில் படுக்க வைத்துவிட்டுத் தூரத்தில் மேயும், பால் கொடுக்க மட்டும் வந்து போகும். குட்டி அசையாமல் கிடப்பது நோயால் அல்ல, அதுதான் அதன் பாதுகாப்பு. நீங்கள் பக்கத்தில் நிற்கும்வரை தாய் வராது. விலகிப் போய், நாயைக் கட்டிவிட்டு, மறுநாள் காலையில் பாருங்கள். அறுவடை இயந்திரம் நிற்கிறது, காத்திருக்க முடியாது என்றால் அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு அறுத்து, அதற்குள் வனத்துறையைக் கூப்பிடுங்கள்.

மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பார்கள். அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை, ஆனாலும் தூக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பசும்பால் புட்டியில் கொடுத்த குட்டிகள் பெரும்பாலும் கழிந்தே செத்துப்போகின்றன.

தினமும் வருகிறது. சோறு, பழம் வைக்கலாமா?

கூடாது. சோறும் பிரெட்டும் தானியமும் திடீரென்று நிறையப் போனால் இரைப்பை புளித்து மான் சாகும். அதைவிட, வீட்டுக்கு வரப் பழகிய மான் நாய்க்கும் ரோட்டுக்கும் பலியாகும். தண்ணீர் வைக்க விரும்பினால் வீட்டு வாசலில் வேண்டாம். காட்டுப் பக்கத்து வரப்பில் ஆழமில்லாத தொட்டியாக வையுங்கள்.

ரோட்டில் மான் குறுக்கே வந்தால்?

ஒன்று தாண்டினால் பின்னால் இன்னும் வரும் என்று வைத்துக்கொண்டு வண்டியை நிறுத்துங்கள். ஹைபீம் அடித்தால் கண் கூசி நடுரோட்டில் நின்றுவிடும், விளக்கைத் தாழ்த்துங்கள். பந்திப்பூர் வழியாக முதுமலைக்கு வரும் சாலையை 2009 முதல் இரவு 9 மணிக்கு மூடிக் காலை 6 மணிக்குத்தான் திறக்கிறார்கள். நம் ஊர்ச் சாலைகளுக்கு அப்படிக் கதவு கிடையாது, நம் கால்தான் பிரேக்கில் இருக்க வேண்டும்.

பிளாஸ்டிக் தின்றால் என்ன ஆகும்?

உப்பும் சாம்பாரும் ஒட்டிய கவரை மான் கவரோடு சேர்த்துத்தான் தின்னும். அது இரைப்பையிலிருந்து கீழே போகாது. உருண்டு திரண்டு இடத்தை அடைத்துக்கொள்ள, வயிறு நிறைந்திருந்தும் மான் மெலிந்து சாகும். சென்னை கிண்டியிலும் அதை ஒட்டிய ஐஐடி வளாகத்திலும், இலங்கையில் திருகோணமலை நகரிலும் இது பழைய பிரச்சினை. பிரட்றிக் கோட்டைப் பக்கம் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் வழியில் மான்களைப் பார்த்துக் கையில் இருப்பதைக் கொடுப்பார்கள், கவரையும் அங்கேயே போடுவார்கள்.

செத்த மானை என்ன செய்வது? கறியை...

கேள்வியை முடிக்க வேண்டாம். வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி காட்டு விலங்கு அரசின் உடைமை, செத்த பிறகும். நீங்கள் கொல்லவில்லை என்றாலும் கறியை எடுத்தால் வழக்கு. அப்படி ஏதாவது உங்கள் கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். கால்நடை மருத்துவர் உடற்கூறு பார்த்த பிறகு அவர்களே புதைப்பார்கள் அல்லது எரிப்பார்கள். காட்டில் உதிர்ந்து கிடக்கும் கொம்புக்கும் இதே கதைதான். ஆண் மான் ஆண்டுதோறும் கொம்பை உதிர்க்கும். கீழே கிடந்ததுதானே என்று எடுத்து வந்து சுவரில் மாட்டாதீர்கள்.

கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டக் காசில்லை. வேறு வழி?

சுவர்தான் சரியான வழி, இடுப்புக்கு மேல் உயரமாக. அதுவரைக்கும் இப்படிச் செய்து பாருங்கள். கிணற்று விளிம்பு வரை புல்லும் கொடியும் மண்டிக் கிடப்பதுதான் முதல் ஆபத்து. மானுக்கு அங்கே குழி இருப்பதே தெரியாது. விளிம்பைச் சுற்றி இரண்டு ஆள் நீளத்துக்குச் செதுக்கி வெட்ட வெளியாக்குங்கள். அதற்கு வெளியே சீமைக்கருவேல முள்ளை நெஞ்சுயரத்துக்கு அடையுங்கள். கறையான் அரித்துவிடும், ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கோடை தொடங்குவதற்கு முன் மாற்றுவது நல்லது. பயன்படாத பாழ்கிணறு என்றால், மண்ணடித்து மூடிவிட முடியுமா என்று ஊராட்சியில் கேளுங்கள். இரண்டு பங்காளிகளுக்குப் பொதுவான கிணறுதான் பெரும்பாலும் சுவரில்லாமல் கிடக்கிறது. செலவை யார் ஏற்பது என்ற பேச்சு முடிவதே இல்லை. முள் வெட்டிப் போட அந்தப் பேச்சு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.